ஓட்டைகளை எண்ணுதல்

முதலில் ஓட்டைகளை எண்ணுவேன்.
பித்தளை பொய் சொல்லும், பாலிஷ் போட்டால் போதும்.
விற்கிறவன் சொல்வான், வாங்குகிறவன் அதைவிட.
ஓட்டைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தையில்
மிக்ஸி ஜார்களுக்கும் கழற்றிய சைக்கிள் பெடல்களுக்கும் நடுவே
ஒச்சம்மா அதைக் கவிழ்த்துப் போட்டு
உள்ளே சில்லறை வைத்திருந்தாள்.
என்ன விலை என்றேன்.
"பழசு பாக்குறவரு நீங்கதானே, நீங்க சொல்லுங்க."
முந்நூறு முன்பணம், பாக்கி பார்த்த பிறகு.

சிம்மக்கல். மாடியறை. பூதக்கண்ணாடி.
தோல், மாட்டுத்தோல்.
மேலே கறுப்பு வார்னிஷ்,
கல்லில் காய்ந்த தோசைமாவு மாதிரி வெடித்தது.
முன்விளிம்பு வளைவு. சதுரமென்றால்
வேறு கதை, வேறு விலை.
பின்தண்டில் ஒரு குட்டிக் காற்றுக்கதவு,
நகத்தால் தள்ளினேன், நூறு வருஷத்துக்குப் பிறகும் நகர்கிறது.
வலது பக்கம் வில்லை மாட்டும் முளை.
வில்லை இல்லை,
அது மறைத்திருந்த வட்டம் மட்டும் மங்காமல் கறுப்பு.
வலது வில்லை வந்தது எண்பத்தேழிலா, தொண்ணூற்றேழிலா
என்று ஒரு நிமிஷம் குழம்பி, புத்தகம் புரட்டி, தொண்ணூற்றேழு.

கழுத்துமறைப்பின் அடியில்
சாய்ந்து, பாதி ஏறிய முத்திரை:
பீரங்கிப் படை. 1909.

இங்கேதான் நின்றுவிட்டேன்.
பிரஷ்யப் பீரங்கிக்காரன் தலையில் ஈட்டி கிடையாது.
உருண்டைதான்.
அப்படியானால் உச்சியில் நிற்கிற இது யார்?

விரல் உயரம். மூன்று வளையம். நுனி கூர்.
துணி சுற்றித் திருகினேன், வந்துவிட்டது.
அடியில் ரம்பம் அறுத்த தடம்,
அதன்மேல் பாத்திரக்காரர் வைக்கிற ஈயப்பற்று.
எத்தனை கார்த்திகைக்குத் துடைத்திருப்பேன்,
தெரியாமல் போனதே.
குத்துவிளக்கின் தலை.

பிறகு அந்த இரண்டு ஓட்டைகள்.
காதுகளுக்கு மேலே, இடம் ஒன்று, வலம் ஒன்று,
ஆணியைப் பழுக்கச் சுட்டு இறக்கியவை.
எந்த ராஜா, எந்த ரெஜிமென்ட், எந்தப் பட்டியலிலும் இல்லை.

போன் போட்டேன்.
"அதுவா, கொம்புக்குங்க."
எந்தக் கொம்பு?
"எமனுக்கு. எங்கப்பன் மொக்கச்சாமி எமன் வேசங்கட்டுனவரு.
பட்டாளத்துக்காரன் ஒருத்தன் சீட்டாட்டத்துல வச்சுத் தோத்தது.
உருண்டை இருந்துச்சாம், பானை கவுத்தாப்ல இருக்குன்னு
சனம் சிரிச்சிருச்சு. அறுத்துட்டாரு.
இதைப் போட்டுக்கிட்டு மேடையேறினா ஊரே எந்திரிச்சு நிக்கும்.
வீட்ல நாங்க கஞ்சிக்கு உக்காந்திருப்போம்.
எவ்வளவு வரும், சொல்லுங்க."

உள்தோலை விரித்தேன்.
வேர்வைக் கறை இரண்டு அடுக்கு.
மேல் அடுக்கில் ரோஸ் நிற அரிதாரம், இன்னும் விரலில் ஒட்டுகிறது.
அடியில் ஊதா மையில் ஒரு பெயர்,
முன்பாதி போய்விட்டது.
மிச்சம் இருப்பது: மான்.

பெங்களூர்க்காரர் படம் பார்த்துவிட்டுச் சொன்னார்,
மீரட்டில் புது உருண்டை வார்க்கிறார்கள்,
துருவும் ஏற்றியே தருவார்கள்,
ஓட்டையை மெழுகால் அடைத்துவிடுங்கள், நாற்பதாயிரம் தருகிறேன்.
இப்படியே என்றால்?
இப்படியே என்றால் அது வேடிக்கைப் பொருள் சார், ஆறு.

சான்றிதழ் தாளில் 'காலம்' என்ற கட்டம்
ஒரு வருஷம் எழுதுகிற அகலம்தான்.
பொடி எழுத்தில் எழுதினேன்:
உடல் 1909.
உச்சி மதுரை, ஏறக்குறைய 1956.
துளைகள் அதே காலம். அடைக்கப்படவில்லை.
கொம்புகள் கிடைக்கவில்லை.

மை காயுமுன் மறுபடி போன்.
"அண்ணே, கொம்பு ரெண்டும் பரண்ல கெடக்கு.
ஒண்ணுல எலி கடிச்சிருக்கு.
வேணும்னா சொல்லுங்க,
அதுக்குத் தனி ரேட்டு."